லெம்மிங் எலிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆர்க்டிக் பகுதியில் லெம்மிங் எலிகள் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்று படித்தேன். உண்மையா? இன்னொன்று. எங்கள் ஊர் ஏரியில் பறவைகளைப் பார்த்து நோட்டில் குறித்துவந்தேன். பல நாள் ஒன்றுமே வராது. சலித்துப்போய் விட்டுவிட்டேன். நல்ல லென்ஸ் வாங்கினால் ஆர்வம் திரும்புமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தற்கொலை வெறும் கட்டுக்கதை. 1958-ல் வந்த ஓர் அமெரிக்கப் படத்துக்காக அவற்றைப் பிடித்துவந்து தள்ளிவிட்டார்கள். அதை விடுங்கள். ‘விட்டுவிட்டேன்’ என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது.

வடகிழக்கு கிரீன்லாந்தில் சாக்கன்பர்க் ஆய்வு நிலையம் இருக்கிறது. 1990களின் நடுவிலிருந்து கோடைதோறும் ஒரே பள்ளத்தாக்கில் நடந்து எண்ணுகிறார்கள். பனிக்கு அடியில் லெம்மிங் கட்டிய புல்கூடுகள், பனி உருகியதும் வெளியே தெரியும். கூட்டுக்குள் லெம்மிங்கின் மயிரே மெத்தையாகக் கிடந்தால், ஸ்டோட் என்ற சின்ன வேட்டை விலங்கு வீட்டுக்காரரைத் தின்றுவிட்டு அங்கேயே குடியிருந்திருக்கிறது என்று அர்த்தம். அதையும் குறிக்கவேண்டும். அப்புறம் உள்ளான் என்ற கரைப்பறவையின் கூடுகள்.

2018-ல் அங்கே அளவுக்கு மீறிய பனி. உருக வெகுநாள் ஆயிற்று. உள்ளான்கள் பெரும்பாலும் முட்டையிடவில்லை. நரிக்குட்டிகளைக் காணோம். பூக்கள்கூடச் சொற்பம். நோட்டில் என்ன எழுதியிருப்பார்கள்? பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். இருபது வருடத்துக்கு மேலான கணக்கு கையில் இருந்ததால்தான் அந்தப் பூஜ்யங்கள் 2019-ல் ஆய்வுக் கட்டுரை ஆயின. நீங்களாக இருந்தால் அந்த வருடம் லென்ஸ் வாங்கப் போயிருப்பீர்கள்.

என் அப்பா தாலுகா ஆபீஸில் மழைமானி பார்த்தவர். அக்னி நட்சத்திரத்திலும் காலை எட்டரைக்கு, காய்ந்துகிடக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்த்து 0.0 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். “மழை இல்லேன்னு ஊருக்கே தெரியுமேப்பா” என்றேன். “தெரியும். எழுதினது யாரு?” என்றார்.

சைபீரியாவில் லெம்மிங் குறைந்த வருடம் நரிகள் பறவைக் கூடுகளின் பக்கம் திரும்பும். குஞ்சுகள் தப்புவது அரிது. அந்தத் துந்திரப் பகுதிகளில் பிறக்கிற கொசு உள்ளான்தான் குளிர்காலத்தில் கோடியக்கரைக்கும் வருகிறது. உங்கள் ஏரிக்கும் வந்திருக்கலாம். வராத நாளை நீங்கள் எழுதவில்லை. அந்த நாளுக்கு வேறு யாரிடம் போய்க் கேட்பது, சொல்லுங்கள்?

பழைய நோட்டு பத்திரமாக இருக்கிறதல்லவா? சரி. விட்ட மாதங்களை ஞாபகத்திலிருந்து மட்டும் நிரப்பிவிடாதீர்கள் தம்பி. அந்தப் பக்கங்கள் காலியாகவே இருக்கட்டும், நாளைத் தேதியிலிருந்து தொடருங்கள்.

லென்ஸ் வேண்டாம். அந்தக் காசில் பத்தில் ஒரு பங்குக்கு நல்ல ரப்பர் பூட்ஸ் கிடைக்கும். ஐப்பசியில் ஏரிக்கரைச் சேற்றில் இறங்க அதுதான் தோது.