ரெண்டு வருஷம்தான் என்று போனவர்கள்

கேள்வி: என் மகனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. "ரெண்டே வருஷம்மா, வந்துடுவேன்" என்கிறான். நம்பலாமா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: பையனை நம்புங்கள் அம்மா, ரெண்டு வருஷத்தை நம்பாதீர்கள். அது ஜெர்மனிக்கே தப்பிப்போன கணக்கு.

1961 ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழும்பியதும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஆட்களின் வரத்து நின்றுபோனது. மேற்கு ஜெர்மனி ஆலைகளிலோ ஆள் பற்றவில்லை. 1955-லேயே இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்கத் தொடங்கியவர்கள், 1961 அக்டோபர் 30-ல் துருக்கியோடும் போட்டார்கள். ஒருவருக்கு ரெண்டு வருஷம், அப்புறம் அவர் ஊருக்குக் கிளம்பணும், அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார் என்பதுதான் ஏற்பாடு. வைத்த பெயர் 'விருந்தாளித் தொழிலாளி'. விருந்தாளியை எந்த வீட்டில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறக்குகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இஸ்தான்புல்லில் இருந்த ஜெர்மன் அலுவலகத்தில் உள்ளாடையோடு வரிசையில் நிற்கவைத்து, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோல் பல்லைக்கூடப் பார்த்தார்கள். தேறியவர்களை ரயிலேற்றினால் ஏறக்குறைய மூன்று நாள் பயணம், இறங்குவது மியூனிக் நிலையத்தின் 11-ஆம் நடைமேடையில். அதற்கு அடியில் போர்க்காலத்துப் பதுங்குகுழி ஒன்று இருந்தது. அங்கே வைத்துச் சாப்பாடு போட்டு, யார் எந்த ஆலைக்கு என்று பிரித்து அனுப்பினார்கள்.

சரி, அந்த ரெண்டு வருஷம் என்ன ஆயிற்று? முதலாளிகளே வேண்டாம் என்றார்கள். ஒருவனுக்கு மெஷினைப் பழக்கி, நாலு வார்த்தை ஜெர்மன் புரியவைத்து, கை படிந்து வரும் நேரத்தில் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டுப் புது ஆளிடம் மறுபடி 'அ'னாவிலிருந்து தொடங்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? 1964-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி: பிழைக்க வந்தவர்கள் திரும்பிப் போகாமல் ஒட்டிக்கொண்டதால்தானே அங்கே இவ்வளவு சிக்கல்? (வாசகர், மதுரை)

பதில்: திரும்பிப் போனவர்கள் கணக்கை யாரும் சொல்வதே இல்லை. 1955-லிருந்து 1973 வரை பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் சுமார் 1.4 கோடி. அதில் சுமார் 1.1 கோடிப் பேர் போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தவர்களைத் தங்கவைத்தது யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடி நேரத்தில், இனிமேல் வெளியாட்களை எடுப்பதில்லை என்று கதவைச் சாத்தினார்கள். அதுவரை ஒருவர் ஊருக்குப் போய் ஒரு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, சரிப்படாவிட்டால் மறுபடி வரலாம். கதவைச் சாத்திய பிறகு போனால் போனதுதான். அதனால் அவர் போகவில்லை, மனைவி மக்களைக் கூப்பிட்டுக்கொண்டார். வெளிநாட்டவரைக் குறைக்கப் போட்ட உத்தரவு அவர்களைக் குடும்பத்தோடு குடியேற வைத்துவிட்டது.

பத்து வருஷம் கழித்து, 1983-ல், ஊருக்குப் போனால் 10,500 மார்க் (அப்போதைய ஜெர்மன் நாணயம்), பிள்ளை ஒன்றுக்கு 1,500 மார்க் தருகிறோம் என்று ஒரு சட்டம் வந்தது. வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு, ஆனால் பெரும்பாலோர் நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஜெர்மனில் வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைக்குத் துருக்கிதானே வெளிநாடு! அந்தப் பிள்ளை அங்கேயே பிறந்திருந்தாலும் பிறப்பை வைத்து ஜெர்மன் குடியுரிமை தரும் சட்டம் 2000-ல்தான் வந்தது, அதற்கும் நிபந்தனைகளோடு. பழைய குடியுரிமையை விடாமலே ஜெர்மன் குடியுரிமையும் வாங்கலாம் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டது 2024 ஜூனில்.

கேள்வி: டோனர் கபாபைத் தவிர ஜெர்மனிக்கு அவர்கள் கொடுத்தது என்ன? (வாசகர், திருச்சி)

பதில்: ரொட்டிக்குள் இறைச்சி வைத்துத் தரும் அந்த டோனரை லேசாக நினைக்காதீர்கள், அங்கே அதன் விலை ஏறினால் அரசியல்வாதியே வாய் திறக்கவேண்டியிருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் வேறு.

பெண்ணுக்கென்று குறைந்த தனிக்கூலி வைக்கக்கூடாது என்று 1955-ல் ஜெர்மன் தொழிலாளர் நீதிமன்றம் சொன்னது. உடனே ஆலைகள் ஒரு குறுக்குவழி பிடித்தன. 'இலேசான வேலைக்கான கூலி' என்று அடிமட்டத்தில் ஒரு புதுப் பிரிவு. ஆண் பெண் என்ற பேச்சே அதில் கிடையாது, ஆனால் அந்தப் பிரிவில் இருந்ததெல்லாம் அநேகமாகப் பெண்கள்தான். ஜெர்மன் பெண்களும் அதில்தான்.

நாய்ஸ் என்ற ஊரில் பீயர்புர்க் என்று ஒரு கார்புரேட்டர் ஆலை. நாள் முழுக்க நுணுக்கமான பாகங்களைப் பொருத்தும் வேலை, பெயர் மட்டும் இலேசான வேலை. 1973 ஆகஸ்டில் அங்கே துருக்கி, கிரேக்கம், ஸ்பெயின், யூகோஸ்லாவியா என்று பல ஊர்ப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியாது, 'ஒரு மார்க் கூடக் கொடு' என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. போலீஸ் வந்து அடித்தது. அவர்கள் கலையவில்லை. சில நாளில் உள்ளே இருந்த ஜெர்மன் ஆண் தொழிலாளர்களும், நல்ல சம்பளம் வாங்கும் திறன் தொழிலாளர்கள், கூடவே வெளியே வந்தார்கள். நிர்வாகம் இறங்கிவந்தது, அந்த ஆலையில் அடிமட்டக் கூலிப் பிரிவே ஒழிந்தது. பலன் வெளிநாட்டுப் பெண்களுக்கு மட்டுமா கிடைத்தது?

அதே மாதம் கொலோனில் ஃபோர்டு ஆலையிலும் வேலைநிறுத்தம். கோடை விடுமுறைக்குக் காரிலேயே துருக்கி போய் லேட்டாகத் திரும்பிய சுமார் 300 பேரை நீக்கியதில் தொடங்கியது. அங்கே ஜெர்மன்காரர்களில் பெரும்பாலோர் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் முடித்துவிட்டார்கள், முன்நின்றவர்களுக்கு வேலை போனது.

கேள்வி: பத்து லட்சமாவதாக வந்தவருக்கு வண்டி பரிசளித்தார்களாமே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஆமாம், 1964 செப்டம்பர் 10. அர்மாந்தோ ரொட்ரிகேஸ், போர்ச்சுகல் கிராமத்துத் தச்சர். கொலோன் டாய்ட்ஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டதும் திருப்பி அனுப்பத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மனிதர் பயந்துபோனார். பூங்கொத்தும் ஒரு மொபெட்டும் கொடுத்தார்கள், எல்லாப் பத்திரிகையிலும் படம். பின்னாளில் நோய் வந்து ஊர் திரும்பினார். சேமிப்பு சிகிச்சைக்குக் கரைந்தது. ஜெர்மன் காப்பீட்டில் தனக்கும் உரிமை இருந்தது அவருக்குத் தெரியவில்லை, எடுத்துச் சொல்லவும் ஆளில்லை. 1979-ல் இறந்துவிட்டார். வண்டி பான் நகர அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கேள்வி: கொரோனா தடுப்பூசி கண்டுபிடித்த தம்பதியும் துருக்கி வம்சம்தானே? (வாசகி, சென்னை)

பதில்: ஆமாம், உகுர் ஷாஹினும் ஓஸ்லெம் துரேஜியும். ஷாஹினின் அப்பா மேலே சொன்ன அதே ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்தவர். பெருமையான விஷயம்தான், ஆனால் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல். பிள்ளை தடுப்பூசி கண்டுபிடிக்காத மற்ற கார் ஆலைத் தொழிலாளிகள் என்ன, ஓசியிலா இருந்தார்கள்?

கேள்வி: எங்கட சித்தப்பா 1984இல் கிழக்கு பெர்லின் வழியாக ஜேர்மனி போனவர். அவர் மாதிரிப் போன எங்கட ஆட்களால் அங்கே ஏதும் மாறியதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: அது தனி வழி. சித்தப்பாவைக் கூலிக்கு யாரும் கூப்பிடவில்லை, அகதியாக ஓடிப் போனவர். கிழக்கு ஜெர்மனி, தன் வழியாகக் கடந்துபோக மட்டும் டிரான்சிட் விசா கொடுத்தது. மேற்கு பெர்லினோ, பெர்லின் ஒரே நகரம் என்று பிடிவாதமாக இருந்ததால் அந்தக் கோட்டில் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. விமானத்தில் கிழக்குக்கு வந்தவர்கள் உள்ளூர் ரயிலேறி மேற்குப் பக்கம் இறங்கினார்கள். ரெண்டு அரசுகளின் வீம்புக்கு நடுவே இருந்த சந்து அது!

மாறியதைப் பார்க்க ஹாம் நகரத்துக்குப் போகச் சொல்லுங்கள். 1989-ல் ஒரு வீட்டில் சின்னதாகத் தொடங்கிய காமாட்சி அம்மன் கோயில், தேர்த் திருவிழாவுக்குக் கூட்டம் சேரச் சேர அக்கம்பக்கத்தார் சத்தம், கார் நிறுத்தம் என்று முறையிட்டதால், ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்கு நகர்ந்தது. 2002-ல் அங்கே கோபுரத்தோடு கும்பாபிஷேகம் நடந்தது. தீர்த்தத்துக்குக் கடலுக்கும் குளத்துக்கும் எங்கே போவது? சரக்குப் படகு ஓடும் கால்வாய்தான் தீர்த்தம். தேர் நாளில் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள், வேடிக்கை பார்க்க ஜெர்மன்காரர்களும் வருகிறார்கள்.

அப்புறம் ஒன்று, சித்தப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். 1984-ல் விமானம் ஏறும்போது வீட்டில் எத்தனை வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனாராம்?