கால் தயார், இனி மூச்சைப் பழக்குங்கள்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். வயது 27. படிக்கிற காலத்தில் மரதன் ஓடியவள். இப்போதும் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவேன். நான்கு மாதத்தில் கரையோரத்தில் நடக்கும் ட்ரையத்லன் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்: கடலில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலில் 25 மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டுகிறது. தம்பியின் மவுண்டன் சைக்கிள்தான் இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கி நீந்திப் பழகலாமா?
வாசகி, ஹட்டன்

பதில்: காசல்ரீயில் இறங்க வேண்டாம், தங்கச்சி. மின் உற்பத்திக்குத் தண்ணீர் எடுப்பதால் அங்கே நீர்மட்டம் ஏறி இறங்கும். நேற்றுக் கால் வைத்த இடம் இன்று புதைசேறாக இருக்கும். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே கால் எட்டாத ஆழம். குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று இறங்கினால் முதல் ஓரிரு நிமிடம் நம்மையறியாமல் மூச்சை இழுப்போம். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். நன்றாக நீந்துகிறவர்களே அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நீச்சல் தடாகத்துக்கே போங்கள். தூரம் என்பது தெரியும். பஸ்ஸில் போய்வரவே பாதி நாள் போய்விடும். சனி, ஞாயிறு இரண்டையும் நீச்சலுக்குக் கொடுங்கள். இடையில் பாடசாலை விடுமுறை வந்தால் இரண்டு கிழமை தொடர்ந்து தினமும் நீந்துங்கள். புதுச் சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தக் காசை நீச்சல் பயிற்றுநருக்குக் கொடுங்கள்.

5 கிலோமீட்டர் ஓடுகிற உங்களுக்கு 25 மீட்டரில் மூச்சு முட்டுவது பலவீனத்தால் அல்ல. தண்ணீருக்குள் மூச்சை அடக்கிவைத்துவிட்டு, தலையை வெளியே எடுத்ததும் விடவும் இழுக்கவும் ஒன்றாக முயல்கிறீர்கள். விடாத மூச்சுத்தான் நெஞ்சை முட்டுகிறது. சுவரைப் பிடித்து முகத்தை அமிழ்த்தி, மூக்காலும் வாயாலும் குமிழி குமிழியாக மெதுவாக ஊதுங்கள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி இழுங்கள், மறுபடி ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் நீந்துவதற்கு முன் இதை 20 தடவை செய்யுங்கள். நீந்தும்போது தடாகத்தின் அடித்தளத்தைப் பாருங்கள். முன்னே பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்து, ஒவ்வொரு வீச்சிலும் உடம்பையே இழுக்க வேண்டி வரும்.

முதல் மாதம் 25 மீட்டர், 30 வினாடி ஓய்வு, இப்படி எட்டுத் தடவை. பிறகு 50 மீட்டராக்கி ஓய்வைக் குறையுங்கள். மூன்றாம் மாத முடிவில் நிற்காமல் 800 மீட்டர் போக வேண்டும்; வேகம் தேவையில்லை. கடலில் அடித்தளக் கோடு இருக்காது. ஆறு அல்லது எட்டு வீச்சுக்கு ஒரு தடவை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே எடுத்து மிதவையைப் பார்க்கும் பழக்கத்தைத் தடாகத்திலேயே தொடங்குங்கள். போட்டிக்கு முன் மூன்று தடவையாவது, உயிர்காப்பாளர் இருக்கும் கரையில், துணையோடு கடலில் நீந்திப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

மவுண்டன் சைக்கிள் போதும். மேடு மேடான டயரைக் கழற்றி, அதே சக்கர அளவில் வழுவழுப்பான டயர் போடுங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்கும் உயரத்துக்கு சீட்டை ஏற்றுங்கள். மலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு: ஏற்றத்தில் கனமான கியரில் மிதிப்பது, இறக்கத்தில் மிதிக்காமலே வருவது. கரையோரச் சமவெளியில் 20 கிலோமீட்டரும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நீளமான, சரிவு குறைந்த ஏற்றம் ஒன்றில் இலகு கியரில், நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் 20 நிமிடம் தொடர்ந்து ஏறிப் பழகுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் மழையில் ஈரம் வழிந்த பிறகுதான் பிடிக்கும். மழையில் ஓட்டிய பின் பிரேக் கட்டையின் முகத்தைப் பாருங்கள். கறுப்பு ரப்பருக்குள் வெள்ளி நிறத் துகள் மினுங்கினால், அது ரிம்மிலிருந்து சுரண்டிய அலுமினியம். ஊசியால் கிளறி எடுங்கள். விட்டால் ரிம்மை அறுக்கும்.

ஓட்டம் கிழமைக்கு இரண்டு நாள் போதும். செங்குத்தான தோட்டப் பாதையில் வேகமாக இறங்கி ஓடினால் தொடைத் தசைதான் கிழியும். கிழமையில் ஒரு நாள் 30 நிமிடம் சைக்கிள் ஓட்டி இறங்கியதும் 10 நிமிடம் ஓடுங்கள். கால் தன்னுடையது போலவே இருக்காது. அடியைச் சின்னதாக வைத்தால் சில நிமிடத்தில் வழிக்கு வரும். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் தண்டனை. அதையும் வீட்டு முற்றத்தில் பழகுங்கள்.

உங்களை வீழ்த்தக்கூடியது வெக்கை. ஹட்டன் 1,200 மீட்டருக்கும் மேலே. அந்தக் குளிரில் பழகிய உடம்பு கரையோர வெயிலில் பெருகும் வியர்வைக்குத் தயாராக இருக்காது. சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். இயன்றால் ஒரு கிழமை முன்பே இறங்கித் தங்குங்கள். இயலாவிட்டால் கடைசி இரண்டு கிழமை நண்பகலில் ஒரு உடுப்புக் கூடுதலாகப் போட்டு, துணையோடு, மெதுவாக 30 நிமிடம் ஓடுங்கள். சைக்கிளில் போத்தலை மாட்டி, 500 மில்லிலீற்றர் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள்; ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரிழப்புப் பொடி) கரைப்பதென்றால் பொதியில் சொன்ன அளவிலேயே கரையுங்கள், கெட்டியாக்க வேண்டாம். வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே நில்லுங்கள்.

இரண்டாம் மாதம் முடியும் அன்று தடாகத்தில் ஓய்வில்லாமல் 400 மீட்டர் நீந்திப் பாருங்கள். முடிந்தால் கடலுக்கு வரலாம். முடியாவிட்டால் அமைப்பாளர்களிடம் பேசி, ஓட்டமும் சைக்கிளும் மட்டும் உள்ள பிரிவு இருந்தால் மாறிக்கொள்ளுங்கள், அல்லது அடுத்த முறைக்குத் தள்ளிவையுங்கள்.