வளர்ற பிள்ளைக்குப் பழைய சைக்கிள்: கேள்வி பதில்

திருமங்கலத்திலிருந்து: அண்ணே, பையனுக்கு 8 வயசு, உயரம் 125 செ.மீ. ஒரே செலவா 24 இஞ்ச் சக்கர வண்டி எடுத்துரலாமா?

வயசை விடுங்க, கால் அளவை எடுங்க. வெறுங்காலோட சுவர்ல சாய்ஞ்சு நிக்கச் சொல்லி, தொடைக்கு நடுவுல நோட்டை மேல முட்டுற மாதிரி வச்சு, தரையிலிருந்து அதோட மேல்விளிம்பு வரைக்கும் அளங்க. இந்த உயரத்துக்கு 56 செ.மீ. பக்கம் வரும். 24 இஞ்ச்ல சீட்டை அடிவரைக்கும் இறக்கினாலும் அதைவிட உசரம்தான். அப்புறம் குரங்கு பெடல்தான் போடுவான். 20 இஞ்ச் எடுங்க, சீட் பைப் நீளமா இருக்கட்டும்.

மேலூரிலிருந்து: நல்ல கம்பெனி கியர் சைக்கிள், பெயிண்ட் பளபளன்னு இருக்கு. முதல்ல எதைப் பாக்கணும்?

பெயிண்டை இல்லை, சீட் பைப்பை. நட்டை லூஸ் பண்ணிச் சீட்டைத் திருகிப் பாருங்க. அசையலைன்னா உள்ள துருப்பிடிச்சு இறுகியிருக்கு. பிள்ளை வளர வளரச் சீட்டு ஏறாது. அலுமினியப் பைப் இரும்பு பிரேம்ல இறுகிட்டா இன்னும் மோசம். விக்கிறவரே எடுத்துக் காட்டட்டும், அதுக்கப்புறம் விலை பேசுங்க. சுத்தியலால தட்டினா பிரேம்தான் கெடும். சீட்டை ஏத்துறப்ப, 'இதுக்கு மேல ஏத்தாதே'ன்னு பைப்புல போட்டிருக்கிற கோடு வெளிய தெரியக் கூடாது.

அடுத்து, பக்கவாட்டுல நின்னு, முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற போர்க்கைப் பாருங்க. பின்பக்கமா மடங்கியிருந்தாலோ, ஹேண்டிலுக்குக் கீழ பிரேம்ல பெயிண்ட் சுருங்கி வெடிச்சிருந்தாலோ எங்கயோ மோதின வண்டி. சும்மா குடுத்தாலும் வேண்டாம். ரிம் லேசா ஆடினாப் பரவாயில்லை, கோட்டம் எடுத்துரலாம்.

செயினையும் அளங்க. பின்னுக்குப் பின் 24 கண்ணி சரியா 12 இஞ்ச் இருக்கணும். 1/16 இஞ்ச் கூடியிருந்தா செயின் மட்டும் மாத்துங்க. 1/8 கூடியிருந்தா பின்சக்கரத்துல இருக்கிற பல்சக்கரமான பிரீவீலையும் சேர்த்து மாத்தணும், இல்லாட்டி தேஞ்ச பல்லுல புதுச் செயின் வழுக்கும்.

உசிலம்பட்டியிலிருந்து: 24 இஞ்ச் டயர் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. 24 × 1⅜ டயர்ல 540னு இருக்கும், 24 × 1.75ல 507. ரிம்மோட விட்டம் அது, மில்லிமீட்டர்ல. ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது. பழைய டயர் ஓரத்துல இருக்கிற நம்பரை எழுதிக்கிட்டுக் கடைக்குப் போங்க. டயரை மாத்தலைன்னா, புது டியூப் போடுறதுக்கு முன்னால உள்பக்கம் துணியால தடவிருங்க; கருவேலமுள்ளு நுனி ஒடிஞ்சு உள்ளயே நிக்கும்.

அவனியாபுரத்திலிருந்து: பொண்ணுக்குப் பிரேக் எட்டலை, என்ன பண்ண?

லீவர் பக்கத்துல சின்ன ஸ்க்ரூ இருந்தா உள்ள முறுக்குங்க, லீவர் கைக்குக் கிட்ட வரும். அப்புறம் கேபிளைச் சரிபண்ணுங்க. கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பி இழுக்கிற பழைய பிரேக் வண்டின்னா அந்த வசதி கிடையாது.