கேமராவில் பெரட்டு எடுக்காதீர்கள்

கேள்வி: பாடாங் செராயில் இருக்கிறேன். சுங்கைப்பட்டாணி கிளையில் பில் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே ஏழு பேர். இங்குள்ள நால்வருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. கோலாலம்பூரில் இருக்கும் மூவரும் தினமும் ஆபீஸ் போகிறவர்கள். 'வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருக்கிறார்கள்' என்று அந்த மூவரும் முணுமுணுக்க, எல்லோரும் நாள் முழுக்க கேமராவைத் திறந்து வைக்கட்டும் என்கிறார் மானேஜர். இதற்கிடையில் ஒரு பெண், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, முழுக்க வீட்டிலிருந்தே செய்கிறேன் என்று கடிதம் கொடுத்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: கேமரா வேண்டாம், சகோதரி. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்கும்: விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் எடுக்கும் இடத்தில், போய் நின்றால் பேர் பதிவாகும், அவ்வளவுதான், எவ்வளவு ரப்பர் பால் எடுத்தார் என்பது நிறுக்கும்போதுதான் தெரியும். உங்கள் மானேஜர் கேட்பது நாள் முழுக்கப் பெரட்டு.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நானும் இதே தப்பைச் செய்தேன். ஒரு தம்பி எட்டு மணி நேரமும் திரையில் அசையாமல் இருப்பார், தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவர் பேசுவது ஒன்றும் கேட்காது, தலையை மட்டும் ஆட்டுவார், மாதக் கடைசியில் பார்த்தால் அவர் பக்கம்தான் பில் குவிந்து கிடந்தது. லைன் சரியில்லை என்று கேமராவை மூடியே வைத்திருந்த ஓர் அக்கா எல்லாவற்றையும் முடித்திருந்தார். அவருக்கு நான் இரண்டு தடவை எச்சரிக்கை கொடுத்திருந்தேன்!

ஆனால் பெரட்டில் ஒரு நல்லது உண்டு. இன்றைக்கு எந்த மர நிரை உன்னுடையது என்று தெரிந்துகொண்டுதான் கிளம்புவார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும்போது தொலைந்துபோவது அதுதான். காலையில் ஒரு பொது ஷீட்டில் யாருக்கு எந்த பில், எப்போதைக்குள் என்று எழுதுங்கள். சாயங்காலம் அவரவர் முடித்தது எது, யாருடைய பதிலுக்காக நிற்கிறது எது என்று போடட்டும். ஏழு பேருக்கும் ஒரே ஷீட். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் எல்லோரும் சுலபமான பில்லாகப் பொறுக்குவார்கள், அதனால் தகராறு பிடித்த பில்லுக்குத் தனி நிறம்.

கோலாலம்பூர்க்காரர்களின் முணுமுணுப்பில் நியாயமும் இருக்கலாம். தபால் பிரிப்பது, திடீரென்று வருகிறவரைக் கவனிப்பது எல்லாம் ஆபீசில் கண்ணில் படுகிறவர் தலையில்தான் விழும். அதையும் ஷீட்டில் ஏற்றிவிட்டு, பில்லைக் குறைத்துக் கொடுங்கள்.

அப்புறம், உங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. கோலாலம்பூரில் சனி, ஞாயிறு. உங்கள் கிளை கெடா வழக்கப்படி நடக்கிறது என்றால் இரு தரப்பும் ஒன்றாக வேலையில் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். மீட்டிங் எல்லாம் அதற்குள். ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து அனுப்பும் மெசேஜுக்குத் திங்கள்வரை பதில் எதிர்பார்க்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் 'இதைக் கொஞ்சம் பாரேன்' என்பதும் வேலைதான். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தப்படி, வழக்கமான வேலைக்கு வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சவரம்பு, முன்பு 48.

கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் அதே திருத்தத்தோடு வந்த 60P, 60Q பிரிவுகளின்படி, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் மறுத்தால் காரணம் எழுத வேண்டும். 'மற்றவர்களும் கேட்பார்கள்' என்பதை நான் காரணமாக எழுத மாட்டேன். மூன்று மாதம் பரீட்சார்த்தமாக விடலாம் என்று மானேஜரிடம் சொல்லிப் பாருங்கள், ஷீட் கையில் இருந்தால் பேசுவது சுலபம். கடிதம் வந்த தேதியை இன்றைக்கே குறித்து வையுங்கள், 60 நாள் அதிலிருந்துதான் ஓடும்.