மகனின் விளையாட்டுத் தங்கத்துக்கு வீட்டுக்கடன் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் தையல் வேலை செய்கிறேன். என் 23 வயது மகன் அம்ஷ்லாங்காவில் ஒரு கால் சென்டரில் மாதம் 9,000 ராண்ட் சம்பாதிக்கிறான். இரவில் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில், அந்த விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் தங்கம் சேர்த்து வெளிநாட்டவருக்கு விற்கிறான். அதில் மாதம் 6,000 ராண்ட் வருகிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற இன்னொரு விளையாட்டின், திரையில் மட்டுமே இருக்கும் கத்திகளும் வைத்திருக்கிறான். அவற்றின் மதிப்பு 1 லட்சத்து 40 ஆயிரம் ராண்ட் என்று திரையில் காட்டுகிறான். இப்போது வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்யப் போகிறானாம். வீட்டுக்கடனில் நான் கூடுதலாகக் கட்டி வைத்திருக்கும் 60,000 ராண்டை முதலாகக் கேட்கிறான். அவன் கணக்கை வங்கி நிறுத்தி விசாரிப்பதால், வரும் பணத்தை என் கணக்கில் வாங்கித் தரவும் சொல்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் அவசரம். உங்கள் கணக்கில் ஒரு ராண்ட் கூட வாங்காதீர்கள். விளையாட்டுத் தங்கம் வாங்குபவர்களில் திருட்டு அட்டையால் பணம் கட்டுபவர்கள் நிறையப் பேர். அட்டைக்கு உரியவர் மாதங்கள் கழித்துப் புகார் கொடுத்தாலும் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் தங்கம் கைமாறிப் போயிருக்கும். வங்கி ஏன் கணக்கை நிறுத்தியது என்பது அவனுக்கே சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அப்படியிருக்க அதே பணத்தை உங்கள் கணக்கு வழியாகத் திருப்பிவிட்டால், விசாரணையைத் தவிர்க்க நீங்கள் துணைபோனதாகத்தான் அது தெரியும். உங்கள் கணக்கையும் நிறுத்திவிட்டால் தையல் கூலியும் வீட்டுக்கடன் தவணையும் சேர்ந்து முடங்கும். அவன் தன் வங்கிக்கு நேரில் போய், யாரிடமிருந்து எதற்காகப் பணம் வந்தது என்பதை உரையாடல் பதிவுகளோடு காட்டட்டும். நீங்களும் கூடப் போங்கள்.

அடுத்தது அந்த 1 லட்சத்து 40 ஆயிரம். உங்கள் மகன் பொய் சொல்லவில்லை, திரையில் அந்த எண் உண்மையாகவே இருக்கும். ஆனால் அதில் எவ்வளவு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் என்று பாருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக்கை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற இணையச் சந்தையில் வாங்குபவர் 115 ராண்ட் கொடுத்தால் விற்பவருக்குச் சேர்வது 100 ராண்ட். அந்த 100 ராண்டும் ஸ்டீம் வாலட்டில்தான் இருக்கும். அதைக் கொண்டு இன்னொரு விளையாட்டு வாங்கலாம், வங்கிக்கு மாற்ற முடியாது. ரொக்கமாக வேண்டுமென்றால் வெளிச்சந்தை இணையதளங்களுக்குப் போக வேண்டும். அங்கே விலை குறைவு, அவர்களும் கட்டணம் பிடிப்பார்கள். 2025 ஜூலை முதல், கைமாறிய பொருளை 7 நாட்களுக்குள் திரும்பப் பெறும் வசதியையும் வால்வ் கொடுத்திருக்கிறது. திருட்டுப் போனவர்களுக்கு அது நல்லது, காசுக்கு விற்பவருக்குக் காத்திருப்பு.

அதே ஆண்டு அக்டோபரில் நடந்ததை அவனிடமே கேளுங்கள், நன்றாகத் தெரிந்திருக்கும். சிவப்பு நிறத்தால் குறிக்கும் உயர் தர ஆயுதங்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்று வால்வ் விதியை மாற்றியது. அதுவரை அரிதாக இருந்த கத்திகளின் விலை ஒரே இரவில் சரிந்தது. சிலரின் பல ஆண்டுச் சேமிப்பு பாதியாகிப் போனது. யாரும் ஏமாற்றவில்லை, எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. கத்தி விளையாட்டு நிறுவனத்தின் சொத்து. உங்கள் மகனிடம் இருப்பது அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. விதியை மாற்ற அவர்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ரூன்ஸ்கேப் தங்கத்தின் நிலை இன்னும் கெடுபிடி. உண்மைப் பணத்துக்கு அதை விற்பதை, அந்த விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் தடைசெய்திருக்கிறது. பிடிபட்டால் கணக்கே போகும். வெளியார் தங்கம் விற்பதை ஒழிக்க, 2008 ஜனவரியில் வீரர்களுக்கிடையேயான கொடுக்கல் வாங்கலுக்கே கடும் வரம்பு போட்டுவிட்டது. அந்த வரம்பு நீங்க 2011 பிப்ரவரி ஆனது. மூன்று ஆண்டுகள் ஒரு கடை மூடிக் கிடந்தால் முதலாளி என்ன ஆவார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போட்டியும் சாதாரணமானதல்ல. நாட்டுப் பணம் மதிப்பிழந்தபோது வெனிசுவேலாவில் எத்தனையோ பேர் இதே விளையாட்டில் தங்கம் சேர்த்துத்தான் அரிசி, மாவு வாங்கினார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை டர்பனில் கட்டுப்படியாகாது.

ஆகவே 60,000 ராண்டை எடுக்க வேண்டாம். வீட்டுக்கடன் வட்டி 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது, அந்தப் பணம் அங்கே சும்மா கிடப்பதாலேயே ஆண்டுக்குச் சுமார் 6,000 ராண்ட் வட்டி உங்களுக்கு மிச்சமாகிறது. அதற்கு வரியும் இல்லை, ஆபத்தும் இல்லை. விளையாட்டுச் சந்தையில் போட்டுத் தொலைந்தால் முறையிட இடமில்லை. கிரிப்டோ சொத்துகளையாவது நிதித்துறை நடத்தை ஆணையம் 2022 அக்டோபரில் நிதிப் பொருளாக அறிவித்தது; விளையாட்டுத் தங்கத்தைக் கண்காணிக்க ஆளில்லை.

வேலையை விடுவதும் இப்போது கூடாது. தானாக ராஜினாமா செய்தவருக்கு யு.ஐ.எஃப். என்ற வேலையிழப்புக் காப்பீட்டு நிதியின் உதவித்தொகை கிடைக்காது என்பதை அவன் யோசித்திருக்க மாட்டான்.

இவ்வளவு சொன்னேன் என்று அவனைக் கண்டிக்கப் புறப்பட்டுவிடாதீர்கள். முன்பின் தெரியாத வெளிநாட்டவரோடு பேரம் பேசி, விலை ஏற்ற இறக்கம் கணித்து மாதம் 6,000 ராண்ட் ஈட்டும் பிள்ளை சோம்பேறி அல்ல. அந்தத் திறமையை நான் மதிக்கிறேன், நீங்களும் அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ரூன்ஸ்கேப் தங்கம் விதிக்கு விரோதம், அதை நிறுத்தச் சொல்வதே என் ஆலோசனை. கத்திகளை இனிமேல் சேமிப்பு என்று கருதாமல் விற்க வேண்டிய சரக்காகப் பார்க்கட்டும். வங்கி விசாரணை முடிந்ததும் மாதாமாதம் கொஞ்சமாக விற்று, வந்ததை உடனே தன் பெயரில் உள்ள வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடட்டும். 2025/26 வரி ஆண்டில் அதில் 36,000 ராண்ட் வரை போட முடிந்தது.

வரியை மறந்தே போயிருப்பான். விளையாட்டிலிருந்து வந்தாலும் வருமானம் வருமானம்தான். அதே வரி ஆண்டில் 65 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 95,750 ராண்ட் வரை வரியில்லாமல் இருந்தது. அவன் சம்பளமே ஆண்டுக்கு 1 லட்சத்து 8 ஆயிரம் என்பதால் அந்த வரம்பு ஏற்கெனவே தாண்டிவிட்டது. தங்கம் விற்று மீந்த லாபத்தில் ஒவ்வொரு 100 ராண்டுக்கும் 18 ராண்ட் வரித்துறையான சார்ஸுக்குச் சேர வேண்டும். ஆண்டுக்கு 72,000 ராண்ட் என்றால் 12,960. இதுவரை வந்ததைக் கணக்கில் காட்டவில்லையென்றால், சார்ஸ் கேட்கும் முன் தானாக முன்வந்து சொல்வதே அபராதத்தைக் குறைக்கும் வழி.

வங்கி விசாரணை முடிந்ததும் அவனை முதலில் ஒரே ஒரு கத்தியை விற்கச் சொல்லுங்கள். திரையில் காட்டிய விலையை முதலில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவன் வங்கிக் கணக்கில் உண்மையில் எவ்வளவு, எத்தனை நாளில் வந்தது என்று பக்கத்திலேயே குறித்து எனக்கு அனுப்புங்கள். மீதிக் கத்திகளை எந்த வேகத்தில் விற்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.