சுற்றி 200 அடி என்றால் உள்ளே எவ்வளவு இடம்?

கேள்வி: வீடு கட்ட இரண்டு மனைகள் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 40-க்கு 60 அடி, இன்னொன்று 25-க்கு 75 அடி. இரண்டையும் சுற்றி அளந்தால் 200 அடிதான் வருகிறது. அதனால் அளவும் ஒன்று, விலையும் ஒன்று என்கிறார் தரகர். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சுற்றளவு வேலிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் உதவும் கணக்கு. நீங்கள் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் சதுர அடிக்கு. 40-க்கு 60 என்றால் 2,400 சதுர அடி, முழுசாக ஒரு கிரவுண்டு. 25-க்கு 75 என்றால் 1,875 தான். 525 சதுர அடி, கிட்டத்தட்ட 1.2 சென்ட், குறைகிறது. சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்தால்கூட ஐந்தேகால் லட்சம்!

ஒரு கயிற்றை வளையமாக முடிந்து, இரண்டு கைகளின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல்களில் மாட்டிச் சதுரமாகப் பிடியுங்கள். அப்புறம் கைகளை மெல்ல விலக்குங்கள். வளையம் ஒல்லியாகிக்கொண்டே போய்க் கடைசியில் கயிறும் கயிறும் ஒட்டிக்கொள்ளும். கயிற்றின் நீளம் அப்படியேதான் இருக்கிறது, உள்ளே இருந்த இடம்தான் போய்விட்டது. 200 அடிச் சுற்றுள்ள நாலு பக்க மனைக்கு 50-க்கு 50 தான் உச்சம், 2,500 சதுர அடி. 10-க்கு 90 என்றால் வெறும் 900.

இன்னொரு பித்தலாட்டத்தையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கத்தையும் கூட்டி, நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கிச் சொல்வார்கள். உங்கள் இரண்டு மனைக்குமே 2,500 வரும். இல்லாத இடத்துக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

40-க்கு 60 மனையையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பக்கங்கள் சரியாக இருந்தும் மனை கோணலாக இருக்கலாம். பத்திரத்தில் 'கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி, ஆக 2,400 சதுர அடி' என்று அழகாக எழுதியிருப்பார்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பாருங்கள். மனை சதுரித்திருந்தால், அதாவது நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால், இரண்டு மூலைவிட்டமும் ஏறக்குறைய 72 அடி ஒன்றேகால் அங்குலம் வரும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மனை சாய்ந்திருக்கிறது. குறைந்த மூலைவிட்டம் 60 அடிதான் என்றால் உள்ளே இருப்பது சுமார் 2,263 சதுர அடி. 137 சதுர அடி, ஒரு நல்ல படுக்கையறை அளவு, காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

பதிவு அலுவலகத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று இருக்காதீர்கள். எழுதியதைப் பதிவார்கள், அவ்வளவுதான். பத்திரம் சதுர அடியில், பட்டா ஹெக்டேர்-ஏரில், தரகர் பேச்சு சென்ட்டில். மூன்றும் ஒரே மண்ணைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது வாங்குகிறவருக்கு எப்படிப் புரியும்? எத்தனை வருஷமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்! 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 ஏர் சுமார் 1,076 சதுர அடி. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

25-க்கு 75 மனைதான் பிடித்திருக்கிறது என்றால், சரி, வாங்குங்கள். ஆனால் விலையை 1,875 சதுர அடிக்குப் பேசுங்கள். அதற்கு மூலைவிட்டம் 79 அடி முக்கால் அங்குலம் வர வேண்டும். டேப்பின் ஒரு முனையை நீங்களே பிடியுங்கள்.