ஓய்வு பெற்ற நூலகர் யாரையாவது நெருக்கமாகத் தெரியுமா? அவர் எப்படிப்பட்டவர்?

தெரியும். என் அம்மாவைப் பெற்ற ஆச்சி. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் 1969-இல் வேலைக்குச் சேர்ந்து, 2003-இல் 58 வயதில் ஓய்வு பெற்றாள். 2021-இல் காலமானாள். அவள் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெரியவர்களுக்கு லைப்ரரியம்மா, எங்களை மாதிரிப் பொடியன்களுக்கு லைப்ரரி ஆச்சி.

எல்லார் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை. பொது நூலகங்களுக்கு வார விடுமுறை அன்றைக்குத்தான். ஞாயிறு மற்றவர்களுக்கு ஓய்வு, அன்றைக்குத்தானே படிக்க வருவார்கள்? அதனால் ஆண்பிள்ளை சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க வேண்டும் என்ற சாத்திரமெல்லாம் எங்களிடம் செல்லாது. வெள்ளிக்கிழமை விடிந்தால் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு ஆச்சி நிற்பாள்.

அதே வெள்ளிக்கிழமைகளில் இன்னொரு வேலையும் நடக்கும். தையல் விட்ட புத்தகங்களை மஞ்சள் பையில் வீட்டுக்குக் கொண்டுவருவாள். மைதா மாவைக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பொடித்துப் போடுவாள். பசை இளநீலமாக வரும், பார்க்கக் கேசரி மாதிரி ஆசையாக இருக்கும். விஷம் என்பதால் அந்தச் சட்டி மட்டும் கொல்லைப்புற மாடத்தில் தனியாக இருக்கும், நாங்கள் தொடக்கூடாது. பழைய காடாத்துணியைக் கிழித்துப் புத்தக முதுகில் ஒட்டி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிடுவாள். மறுநாள் அம்மியில் சட்னி அரைக்க வேண்டுமென்றால் அம்மா காத்திருக்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் பீடி சுற்றுகிற ஊர்கள். வீட்டுக்கு ஒருத்தியாவது மடியில் தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். அவர்களில் பலர் ஆச்சியின் உறுப்பினர்கள். நாலு பேர் சுற்ற, படிக்கத் தெரிந்த ஒருத்தி நாவலை உரக்க வாசிப்பாள். அவள் பங்கு பீடியை மற்றவர்கள் சேர்த்துச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் புத்தகங்கள் திரும்பி வரும்போது புகையிலை வாடை அடிக்கும். ஆச்சி புத்தகத்தை விரித்து மூக்கில் வைத்துப் பார்ப்பாள். இது கீழத்தெரு, இது கருவாட்டுக் கடைக்காரர் வீடு, இது யாரோ பிரசவ வீட்டில் இருந்திருக்கிறது என்பாள். பாதிக்கு மேல் சரியாக இருக்கும். அழுக்காக்கினார்கள் என்று யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. முதுகு கசங்காமல் புத்தம் புதிதாக நிற்கும் புத்தகத்தைப் பார்த்தால்தான் அவளுக்குக் கோபம் வரும்.

நூலக அறிவியலில் அவள் படித்தது சான்றிதழ்ப் படிப்பு மட்டும். ஆனால் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதனைப் பற்றி ஏதோ ஒன்றுவிட்ட தாத்தா மாதிரிப் பேசுவாள். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, படிப்புக்கு லண்டன் போன இடத்தில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகளை மாற்றி மாற்றிக் கோத்து வேறு வேறு பொம்மை செய்கிறார்களே, புத்தகங்களுக்கும் இப்படி எண் கொடுத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்ததுதான் கோலன் பகுப்பு முறை. இந்தக் கதையைக் குறைந்தது ஐம்பது தடவை கேட்டிருக்கிறேன். அந்த முறையில் ஆங்கில எழுத்து ஓ என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ், கமா போட்டு 3 என்றால் நாவல். வாய்ப்பாட்டோடு இதையும் சேர்த்துத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் (1931) முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர். இந்த மூன்றாவதை ஆச்சி கொஞ்சம் அநியாயமாகவே கடைப்பிடித்தாள். தேதித் தாளில் ஒரு முத்திரைகூட விழாத புத்தகத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைப்பாள். யாராவது என்னவென்று கேட்டால், "அது வேற ஒருத்தருக்கு எடுத்து வச்சிருக்கேன். வேணும்னா நீங்க மொதல்ல படிச்சிட்டுத் தாங்க" என்பாள். அந்த வேற ஒருத்தர் கடைசிவரை வரவே மாட்டார்.

'சும்மாதானே கொடுக்கிறாங்க' என்று யாராவது சொன்னால் விடமாட்டாள். "சும்மா இல்லய்யா. நீங்க கட்டுற வீட்டு வரியோட நூலக வரியும் சேர்ந்துதான் வருது. 1948-லயே சட்டம் போட்டாச்சு. உங்க காசு, உங்க புத்தகம்" என்பாள். இப்போது அது வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. வீட்டு வரி ரசீதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் குரல் கேட்கும்.

ஆனால் பதிவேடு என்று வந்துவிட்டால் ஆள் வேறு. ஒருமுறை நான் ஒரு நாள் தாமதமாகப் புத்தகம் கொண்டுபோனேன். நேற்றைய தேதி போட்டால் அபராதம் இல்லையே, பேரன்தானே என்றேன். "ரிஜிஸ்டர்ல பேரன்னு ஒரு கட்டம் இல்லல. காசை எடு" என்றாள். 34 வருஷத்தில் ஒரு தேதியைக்கூட மாற்றி எழுதியதில்லை என்று அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

சரி, நான் சொல்ல வந்தது 2003 கோடை. ஜூனில் ஓய்வு. அதற்கு முன் இருப்புச் சரிபார்ப்பு நடந்ததில் 41 புத்தகங்கள் குறைந்தன. எல்லாம் யாரோ எடுத்துப் போய்த் திருப்பாதவை. நூலகர் கணக்கை நேர் செய்தால்தான் நிலுவை இல்லை என்று சான்று தருவார்கள், அது வந்தால்தான் ஓய்வூதியக் கோப்பு நகரும். 'புத்தகத்தை எல்லாருக்கும் கொடு, ஆனால் தொலைந்தால் உன் பணம்' என்கிற இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடிபடவில்லை. இப்படி இருந்தால் எந்த நூலகரும் பீரோவைப் பூட்டத்தான் பார்ப்பார். ஆச்சி பூட்டவில்லை, அதற்கு விலை 41.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தேன். சைக்கிள் கேரியரில் ஆச்சியை உட்கார வைத்துக்கொண்டு மூன்று வாரம் வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் இயற்கை வைத்தியப் புத்தகம் தையல் மெஷினின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. ஆச்சி குனிந்து அதை உருவிவிட்டு, தெருவிலிருந்து ஒரு ஓட்டுச்சில்லைத் தேடிக் கொண்டுவந்து சரியான உயரத்துக்கு வைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நான் எடுக்கவே இல்லை என்று சாதித்தார். புத்தகம் எடுக்கும்போது நூலகத்தில் வாங்கி வைத்த அட்டையில் இருந்த கையெழுத்தைக் காட்டினால், "இது என் கையெழுத்து மாதிரியே இல்லையே." "சரி சார், எதுக்கும் தேடிப் பாருங்க" என்று எழுந்துவிட்டாள். மறுநாள் காலை நூலக ஜன்னல் திட்டில் அந்தப் புத்தகம் இருந்தது.

கீழத்தெருவில் ஒரு வீடு. நாவலை எடுத்தவர் ஆறேழு மாதம் முன்னால் இறந்துபோயிருந்தார், ஆலையில் வேலை பார்த்தவர். அவர் மனைவி திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஆச்சி வந்த விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் எடுத்து வந்தார். சேலைத் தலைப்பால் துடைத்தார், கொடுக்கவில்லை. "அவுக கோடு போட்டுப் போட்டுப் படிச்சிருக்காகக்கா. எனக்கு வாசிக்கத் தெரியாது. கோட்டை மட்டும் பாத்துக்கிடுவேன்" என்றார். திறந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு, சில இடத்தில் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி.

நூலகப் புத்தகத்தில் பென்சில் வைத்தால் ஆச்சி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும், ரப்பர் கொடுத்து எதிரில் உட்கார வைத்து அழிக்கச் சொல்வாள். அன்றைக்கு அதை வாங்கி, மூக்கில் வைத்துப் பார்த்தாள். திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள். "தண்ணி கொஞ்சம் தாரியாம்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். வழியில் நான் கேட்டதற்கு, "ரோட்டைப் பாத்து ஓட்டுல" என்றாள்.

அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சான்று கிடைத்தது, ஓய்வூதியம் வந்தது, பதினெட்டு வருஷம் வாங்கினாள்.

அவள் போன பிறகு டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது அந்த 41 புத்தகப் பட்டியலின் கார்பன் நகல் கிடைத்தது. கடைசிக் கட்டம் 'குறிப்பு'. பெரும்பாலும் 'வாசகரிடமிருந்து பெறப்பட்டது'. ஐந்தாறு இடத்தில் 'விலை செலுத்தப்பட்டது'. அந்த நாவலுக்கு நேரே மட்டும் கொஞ்சம் கூடுதல்: 'மழையில் நனைந்து பழுது. விலை ரூ. 45 செலுத்தப்பட்டது.'

2003 மே மாதம் அது. எங்கள் பக்கம் மழை பொய்த்து, ஊர்க்குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதற்குள்தான் நாங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம்.